சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, இதயம்?

அன்புள்ள திருநின்றவூர் வாசகருக்கு,

உங்கள் கடிதம் நீளம், கேள்வி ஒன்றுதான். பல வருடமாகச் சுகர். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஏழுக்குள் நிற்கிறது. மாத்திரையை ஒரு வேளைகூட விட்டதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உங்கள் ஷிப்டிலேயே வேலை பார்க்கும் நண்பரும் அப்படித்தான் இருந்தார். அவருக்குப் போன மாதம் மாரடைப்பு, மூன்று குழாயிலும் அடைப்பு. பயந்துபோய் நீங்கள் மாஸ்டர் செக்கப் செய்துகொண்டீர்கள். எல்லாம் சரியாக இருக்க, ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில்: ஹெச்.எஸ். சி.ஆர்.பி. 4.6, அதிகம். ரிப்போர்ட் கொடுத்தவர் "உடம்புக்குள்ள அழற்சி இருக்கு சார்" என்று சொன்னதோடு நிற்காமல், அதற்கென்றே ஒரு மூலிகை கேப்ஸ்யூல் இருப்பதாகவும் சொல்லியிருக்கிறார். வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இதே கேள்வி பலருக்கும் இருக்கும் என்பதால் இங்கேயே பதில் எழுதுகிறேன். உங்கள் பெயரையும் கம்பெனிப் பெயரையும் விட்டுவிட்டேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவ ஆய்வுகளைப் படித்துத் தமிழில் எழுதுகிறவன். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரின் வேலை. ஆனால் அந்தக் கேப்ஸ்யூலை வாங்க வேண்டாம் என்பதைச் சொல்ல டாக்டர் தேவையில்லை.

திங்கட்கிழமைகளில் இருதயாலீஸ்வரர் கோயிலுக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது, போய் வாருங்கள். பல்லவ மன்னன் காஞ்சியில் கல்லால் கட்டிய கற்றளிக்குக் குடமுழுக்கு நாள் குறிக்க, அதே நாளில் பூசலார் நாயனார் தம் நெஞ்சுக்குள் கட்டிய கோயிலுக்குத்தான் சிவன் போனார் என்று பெரியபுராணம் சொல்லும் ஊர் உங்கள் ஊர். இதய நோய்க்காரர்கள் தேடி வரும் சந்நிதியும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஊர்க்காரருக்கே இந்தச் சந்தேகம் வந்தது பொருத்தம்தான்.

உங்கள் கேள்விக்கான பதிலின் முதல் பாதி வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. சென்னையிலேயே இருக்கிறது. 1948-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். நாட்டின் பொது மருத்துவமனை ஒன்றில் இப்படித் தொடங்கிய முதல் பிரிவு அதுதான். அங்கிருந்து வளர்ந்த மரபில் வந்தவர்கள் 1990-களின் பின்பாதியில் தி.நகரிலும் திருமங்கலத்திலும் இரண்டு குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஆட்களைப் பரிசோதித்தார்கள். 20 வயதுக்கு மேற்பட்ட 1,262 பேர். சர்க்கரையும் பார்த்தார்கள், இ.சி.ஜி.யும் எடுத்தார்கள். 2001-இல் முடிவு வெளியானது. சர்க்கரை இயல்பாக இருந்தவர்களில் 100-க்கு 9.1 பேருக்கு இதயக் குழாய் நோய் இருந்தது. நீரிழிவு உள்ளவர்களில் 21.4. இரண்டு மடங்குக்கும் மேல். இது யாரும் எதிர்பார்த்த கணக்குதான்.

என்னை நிறுத்தியது நடுவில் இருந்த எண். நீரிழிவு இன்னும் வராமல், வாசற்படியில் நிற்கிறவர்களில் 14.9. அதாவது டாக்டர் 'உங்களுக்குச் சுகர்' என்று சொல்வதற்கு முன்பே இதயம் கெடத் தொடங்கிவிடுகிறது. சர்க்கரை ஏறியதால் மட்டுமே இதயம் கெடுகிறது என்றால் இந்த எண்ணுக்கு விளக்கம் இல்லை. இரண்டுக்கும் அடியில் பொதுவாக ஏதோ ஒன்று வேலை செய்கிறது.

சர்க்கரையை இன்னும் கீழே அழுத்தினால் இதயம் தப்புமா என்றும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 நீரிழிவு நோயாளிகளை வைத்து அக்கார்ட் என்றொரு பெரிய சோதனை நடந்தது. ஒரு பாதிப் பேருக்கு மூன்று மாதச் சராசரியை ஆறுக்கும் கீழே கொண்டுபோக முயன்றார்கள். 2008 பிப்ரவரியில் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. கடுமையாக அழுத்திய பக்கம் இறந்தவர்கள் 257, வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்கள் பக்கம் 203.

இதைப் படித்துவிட்டுச் சுகர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கண், சிறுநீரகம், கால் நரம்பு மூன்றும் சர்க்கரைக் கட்டுப்பாட்டை நம்பித்தான் இருக்கின்றன. நோய் வந்த புதிதிலேயே சர்க்கரையை ஒழுங்காக வைத்திருந்தவர்களுக்குப் பல வருடம் கழித்து மாரடைப்பும் குறைந்ததை இங்கிலாந்தின் நீண்ட கால ஆய்வு காட்டியது. உங்கள் ஏழு நல்ல எண். ஆனால் அது இதயத்துக்கு எழுதிக் கொடுத்த உத்தரவாதம் இல்லை. உங்கள் நண்பருக்கு நடந்ததும் இதுதான். அவர் ஒழுங்காகத்தான் இருந்தார், ஒரே ஒரு எண்ணில்.

அந்தப் பொதுவான 'ஏதோ ஒன்று' எது? உடம்பில் ஓயாமல் தணலாகக் கிடக்கும் அழற்சிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. காலில் முள் குத்தினால் சிவந்து வீங்கி வலிக்கிறதே, அது நல்ல அழற்சி. வேலை முடிந்ததும் அடங்கிவிடும். நான் சொல்வது வலியும் காய்ச்சலும் இல்லாமல் வருடக்கணக்கில் நடப்பது. அதன் ஊற்றுக்கண்களில் ஒன்று தொப்பை. கொழுப்பு என்பது சும்மா கிடக்கும் சேமிப்பு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1993-இல் ஹார்வர்டில் ஹோத்தமிஸ்லிகிலும் ஸ்பீகல்மனும் பருத்த எலிகளின் கொழுப்பிலிருந்தே டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருள் சுரப்பதையும், அது இன்சுலினின் வேலையைக் கெடுப்பதையும் காட்டினார்கள். பத்து வருடம் கழித்து, பருத்த உடலின் கொழுப்புக்குள் வெள்ளை அணு வகையைச் சேர்ந்த மேக்ரோஃபேஜ்கள் கூட்டமாகக் குடியேறுவது தெரிந்தது. அங்கிருந்து கிளம்பும் சமிக்ஞைகள் கல்லீரலுக்கும் போகின்றன, இரத்தக் குழாயின் உள்சுவருக்கும் போகின்றன. குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டை அரித்து, ஒரு நாள் வெடிக்க வைப்பதும் இதே அழற்சி அணுக்கள்தான். அப்படி வெடித்த இடத்தில் இரத்தம் உறைவதுதான் பெரும்பாலான மாரடைப்பு.

'நான் ஒல்லிதான் சார்' என்று எழுதியிருக்கிறீர்கள். எடையைப் பார்த்துத்தானே சொல்கிறீர்கள்? புனேயின் டாக்டர் யாக்னிக் 2004-இல் லான்செட் இதழில் தன் படத்தையும், இங்கிலாந்தில் இருக்கும் நண்பர் ஜான் யட்கினின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவருக்கும் அதே 22.3. உடம்பிலுள்ள கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. இதைவிடச் சுருக்கமாக நம் உடம்பைப் பற்றி யாரும் சொன்னதில்லை. கை கால் குச்சி, வயிறு மட்டும் முன்னால் நிற்கும் உருவம் உங்கள் கம்பெனி பஸ்ஸில் எத்தனை பேர் என்று பாருங்கள். ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80: அதைத் தாண்டினால் நம் ஊர்க் கணக்கில் ஒல்லி இல்லை. தையல்கடை டேப் போதும், லேப் தேவையில்லை.

இப்போது உங்கள் 4.6-க்கு வருகிறேன். சி.ஆர்.பி. புது விஷயம் இல்லை. 1930-இல் நியூயார்க்கில் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டுபிடித்தது. உடம்பில் எங்கே அழற்சி என்றாலும் கல்லீரல் இதைச் சுரக்கும். ஒன்றுக்குக் கீழே நல்லது, ஒன்றிலிருந்து மூன்று நடுத்தரம், மூன்றுக்கு மேல் இதய ஆபத்து அதிகம் என்று 2003-இல் அமெரிக்க இதயச் சங்கம் வகைப்படுத்தியது. நம் ஊரிலும் பார்த்தார்கள். 2001-இல் தொடங்கிய க்யூர்ஸ் ஆய்வில் டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னை மாநகராட்சியின் 46 வார்டுகளில் 26,001 பேரைப் பரிசோதித்தார்கள். அதிலிருந்து 2005-இல் வந்த கட்டுரை சி.ஆர்.பி.யைப் பற்றியது: உடம்பில் கொழுப்பு ஏற ஏற சி.ஆர்.பி. ஏறுகிறது, நீரிழிவோடும் இதயக் குழாய் நோயோடும் சேர்ந்தே போகிறது. ஆக, லேப்காரர் சொன்னது பொய் இல்லை. அதற்கடுத்து அவர் விற்க நினைத்ததுதான் தப்பு.

உங்கள் கம்பெனியில் அபாயச் சங்கு இருக்கும். சங்கு ஊதுவதால் விபத்து நடப்பதில்லை; அதன் வயரைப் பிடுங்கினால் விபத்து நிற்கப்போவதும் இல்லை. சி.ஆர்.பி.யும் அப்படித்தான். பிறவியிலேயே மரபணுக் கூறால் சி.ஆர்.பி. கூடுதலாகச் சுரப்பவர்களைத் தனியாக எடுத்துப் பெரிய அளவில் ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வரவில்லை. எனவே அந்த எண்ணைக் குறைப்பதே ஒரு சிகிச்சை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். போதாததற்கு இந்தச் சங்கு எதற்கெடுத்தாலும் ஊதும். சளிக் காய்ச்சல், பல் வலி, மூட்டு வலி, காலில் ஆறாத புண், எல்லாவற்றுக்கும். செக்கப்புக்கு முந்தின வாரம் உங்களுக்குக் காய்ச்சல் என்று நீங்களே கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே! உடம்பு நன்றாக இருக்கும்போது, சில வாரம் கழித்து மறுபடி பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

2025-இல் அமெரிக்க இதயவியல் கல்லூரி எல்லோருக்குமே இந்தப் பரிசோதனை செய்யலாம் என்று பரிந்துரைத்திருப்பதை மறைக்க விரும்பவில்லை. சர்க்கரையும் பிரஷரும் இல்லாத ஒருவருக்கு, மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று டாக்டர் யோசிக்கிற கட்டத்தில் அது உதவும். உங்களுக்கு? 40 வயதைத் தாண்டிய நீரிழிவுக்காரர், ஏற்கெனவே ஆபத்து வரிசையில் நிற்கிறவர். எண் ஒன்றாக இருந்தாலும் நாலாக இருந்தாலும் செய்ய வேண்டியது மாறாது. உங்கள் நிலையில் அது காசுக்குப் பிடித்த கேடு என்பது என் கருத்து.

அப்படியானால் அழற்சியையே மருந்தால் அணைக்க முடியாதா என்று கேட்பீர்கள். இதுதான் இந்த ஆராய்ச்சியில் சுவையான பகுதி. 2017-இல் அமெரிக்க இதய ஆய்வாளர் பால் ரிட்கரின் குழு கான்டோஸ் சோதனையின் முடிவை வெளியிட்டது. மாரடைப்பு வந்து பிழைத்த, சி.ஆர்.பி. இரண்டுக்கு மேல் இருந்த 10,061 பேர். கொலஸ்ட்ராலை ஒரு துளிகூடத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கும் கனாகினுமாப் ஊசி. மாரடைப்பும் பக்கவாதமும் இதயச் சாவும் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. அழற்சி வெறும் சாட்சி இல்லை, குற்றவாளிகளில் ஒருவன் என்பதற்கு முதல் பெரிய நிரூபணம் அது. ஆனால் ஊசி போட்டவர்களில் நோய்த்தொற்றால் இறந்தவர்கள் கூடினார்கள். விலை ஆண்டுக்குப் பல லட்சம். இன்னொன்று, அந்த ஊசி புதிதாக நீரிழிவு வருவதைத் தடுக்கவில்லை. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மலிவான மெத்தோட்ரெக்சேட்டை வைத்து அடுத்த சோதனை செய்தார்கள். இதயத்துக்கு எந்தப் பலனும் இல்லை. அழற்சி என்பது ஒரே பாதை இல்லை, எல்லா அழற்சி மருந்தும் இதயத்துக்கு மருந்தும் இல்லை என்று அதிலிருந்து தெரிந்தது.

பிறகு வந்தது கோல்ச்சிசின். கவுட் வாதத்துக்குக் காலங்காலமாகக் கொடுத்துவரும் பழைய மருந்து. 2019-இல் ஒரு சோதனை, மாரடைப்புக்குப் பிறகு தினமும் அரை மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு மறு ஆபத்து 23 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. மறு வருடம் இன்னொன்று 31 சதவீதம் என்றது. 2023-இல் அமெரிக்கா இதயத்துக்கென்றே அதற்கு ஒப்புதல் கொடுத்தது. 2024-இல், மாரடைப்பு வந்த 7,062 பேரிடம் நடந்த பெரிய சோதனையில் பலன் எதுவும் தெரியவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

கோல்ச்சிசின் எதிலிருந்து வருகிறது தெரியுமா? நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலிருந்தும் எடுக்கிறார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் அதைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பயிர் செய்து, விதையை ஏற்றுமதிக்கு விற்கிறார்கள். இதைச் சொல்லும்போதே பயமாக இருக்கிறது. யாராவது அந்தக் கிழங்கைக் கஷாயம் வைத்துவிடப் போகிறார்கள். அது கொடிய விஷம், ஆளைக் கொல்லும். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இருப்பது மில்லிகிராம் கணக்கு மட்டுமே.

மஞ்சளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். குழம்பில் தாராளமாகப் போடுங்கள். மஞ்சளிலுள்ள குர்குமினை வைத்துச் சிறிய ஆய்வுகள் உண்டு. மாரடைப்பைக் குறைத்ததாக ஒரு பெரிய சோதனைகூட இல்லை. கேப்ஸ்யூல்காரர் அந்தச் சின்ன ஆய்வுகளைத்தான் லேபிளில் அச்சடிக்கிறார்.

உங்கள் உடம்பில் அழற்சியை ஊதிவிடும் வேறு சில விஷயங்கள் உண்டு, அவற்றை எந்த லேபும் பில்லில் போடாது. ஒன்று காற்று. டெல்லியிலும் சென்னையிலும் 12,064 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2023-இல் வெளியானது. காற்றிலுள்ள நுண்துகளின் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால், புதிதாக நீரிழிவு வரும் ஆபத்து 22 சதவீதம் கூடுகிறது என்றது. உருக்காலைகளுக்கு நடுவில் வேலை பார்க்கும் உங்களுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. உங்களால் முடிந்தது முகக் கவசம். மீதி கம்பெனியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் செய்ய வேண்டியது. நுரையீரல் நோய் மட்டும்தான் தூசியால் வரும் என்ற பழைய கணக்கைத் தொழிற்சங்கங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். பேச்சுவார்த்தை மேசையில் சுகரும் மாரடைப்பும் ஏற வேண்டிய நேரம் இது. மாறி மாறி வரும் நைட் ஷிப்டும் அதே பட்டியலில்தான். வருடங்கள் கூடக் கூட நீரிழிவு ஆபத்து கூடுவதை அமெரிக்கச் செவிலியர்களிடம் செய்த ஆய்வு காட்டியது.

இன்னொன்று வாய். பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வருகிறது என்று சொன்னால் எந்தச் சுகர் டாக்டரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஈறு நோய்க்கு ஒழுங்காகச் சிகிச்சை செய்தால் மூன்று மாதச் சராசரி ஏறத்தாழ 0.4 குறைகிறது என்று பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிகிறது. ஒரு மாத்திரைக்குக் கிட்டத்தட்ட சமம். பீடி, ஹான்ஸ் பழக்கம் உங்களுக்கு இல்லை என்று நம்புகிறேன்.

இனி, இதயத்துக்கு உண்மையில் வேலை செய்வது எது என்ற விஷயம். எல்லாம் பழைய சரக்கு. 2004-இல் வெளியான கார்ட்ஸ் சோதனையில், இதய நோய் இல்லாத, கொலஸ்ட்ராலும் பெரிதாக ஏறாத 2,838 நீரிழிவுக்காரர்களில் பாதிப் பேருக்குத் தினம் 10 மில்லிகிராம் அடார்வாஸ்டேட்டின் கொடுத்தார்கள். மாரடைப்பு போன்ற பெரிய ஆபத்துகள் 37 சதவீதம் குறைந்தன; பலன் தெளிவாகிவிட்டதால் இரண்டு வருடம் முன்பாகவே சோதனையை நிறுத்தினார்கள். இந்த மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும். சி.ஆர்.பி.யையும் குறைக்கும், அது உபரி. 'ஸ்டேட்டின் போட்டால் சுகர் ஏறும்' என்று வாட்ஸாப்பில் சுற்றுவது முழுப் பொய் இல்லை; கொஞ்சம் ஏறும். அந்தக் கொஞ்சத்தைப் பார்த்து 37 சதவீதத்தை விடுவது நமக்குக் கட்டுப்படியாகாது. டென்மார்க்கில் வெறும் 160 நீரிழிவுக்காரர்களிடம் சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால், உணவு, நடை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறுக்கிப் பிடித்தார்கள். எட்டு வருடத்தில் இதய நோய் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஒற்றை எண்ணைப் பிடித்த அக்கார்ட் எங்கே, எல்லாவற்றையும் பிடித்த இது எங்கே!

உங்கள் செக்கப் ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தேன். 'எல்லாம் நார்மல்' என்று எழுதியிருக்கிறீர்கள். எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 128. லேப் தாளில் அது நார்மல்தான். நீரிழிவு உள்ளவருக்கு நூறுக்குக் கீழே, பல டாக்டர்கள் எழுபதுக்குக் கீழேயே கொண்டுபோகப் பார்ப்பார்கள். பிரஷர் 146-க்கு 90. 130-க்கு 80-க்குள் இருக்க வேண்டியது. தடித்த எழுத்தில் இருந்த 4.6-ஐப் பார்த்துத் தூக்கம் கெட்டீர்கள். சாதாரண எழுத்தில் இருந்த இந்த இரண்டையும் பார்க்கவே இல்லை. நீங்கள் எழுதிய மாத்திரைப் பட்டியலில் ஸ்டேட்டினும் இல்லை, பிரஷர் மாத்திரையும் இல்லை. ஏன் என்று இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இதயத்தையும் காப்பாற்றும் புதிய சுகர் மாத்திரைகளில் ஒன்றான எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்து விலை நன்றாக இறங்கியிருக்கிறது. அது உங்களுக்குப் பொருந்துமா என்றும் கேட்டுவிடுங்கள்.

வாசற்படியில் நிற்பதாக நீங்கள் சொன்ன உங்கள் தம்பிக்கு ஒரு வார்த்தை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு அப்படிப்பட்ட 531 பேரை மூன்று வருடம் கவனித்தது. சும்மா விட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நடையும் உணவு ஒழுங்கும் கடைப்பிடித்தவர்களில் 39. தினம் அரை மணி நேர நடைதான், ஜிம் இல்லை. உங்கள் ஏரிக்கரைக்கு இறங்கிப் போகச் சொல்லுங்கள்.

கடைசியாக, பயத்துக்காகச் சொல்லவில்லை, தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக. நீரிழிவு நரம்பைக் கெடுப்பதால் உங்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியோடுதான் வரும் என்பதில்லை. திடீர் வியர்வை, மூச்சு வாங்கல், காரணமில்லாத அசதி, தாடை கனம் என்று வரும். நைட் ஷிப்டில் 'கேஸ்' என்று சோடா குடித்துவிட்டு ஓரமாகப் படுத்துவிடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். 2023 ஜூனில் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடார்வாஸ்டேட்டின் என 14 மாத்திரைகளை அங்கேயே கொடுத்துவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். உங்கள் பக்கம் என்றால் அது திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கம்பெனிக்கு அருகிலுள்ள சுகாதார நிலையம் எது என்று ஷிப்டில் எல்லோருக்கும் தெரியட்டும்.

நண்பர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் சி.ஆர்.பி. எண் வேண்டாம். உங்கள் பிரஷரையும் எல்.டி.எல்.லையும் எழுதுங்கள்.

அன்புடன்.